பொங்கல் முடிந்த பிறகு நடத்த வேண்டிய பாடம்

பள்ளிக்கூடப் பொங்கல் எப்படி நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். லீவு விடுவதற்கு முந்தின நாள், முன்வாசலில் மூன்று செங்கல், அதுவும் இல்லையென்றால் சத்துணவுக்கூடத்து கேஸ் அடுப்பு, மஞ்சள் கொத்து கட்டிய எவர்சில்வர் பானை, அக்காவின் புடவையில் தடுக்கித் தடுக்கி நடக்கும் பெண்பிள்ளைகள், அப்பாவின் வேட்டியை பெல்ட் போட்டு இறுக்கிய பையன்கள், கோலப்போட்டி, உறியடி, பொங்கலோ பொங்கல் என்று ஒரு தடவை நிஜமாகவும் இன்னொரு தடவை போட்டோவுக்காகவும் ஒரு கூச்சல், அப்புறம் வாட்ஸப் குழுவில் படம் மேல் படம். இதில் எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை. பிள்ளைகளுக்கு அது சந்தோஷமான நாள், எங்களுக்கும்தான். என் புகார் வேறு. அறுவடைத் திருநாள் பற்றிச் சொல்ல வேண்டியதெல்லாம் அன்றோடு சொல்லியாகிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

திருப்பூர் மாவட்டத்தில் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். ஊர் பாதி காடு தோட்டம், பாதி பனியன் கம்பெனி. என் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் வயலில் கால் வைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பொங்கல் அரிசி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், ரேஷன் கடையிலிருந்து என்பார்கள், அது பொய்யும் இல்லை. பச்சரிசி, சர்க்கரை, ஒரு முழுக் கரும்பு எல்லாம் அங்கேதானே தருகிறார்கள்! இந்தப் பிள்ளைகளிடம் போய் "உழவர்கள் சூரியனுக்கு நன்றி செலுத்தும் நாள்" என்று ஒரு வரியை எழுதிப் போட்டால், அதை அப்படியே பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிவிடுவார்கள். அவ்வளவுதான் நடக்கும்.

அந்த ஒரு வரியில் இரண்டு விஷயம் விட்டுப்போகிறது. ஒன்று பயிர்: என்ன விதை, எந்தப் பட்டம், யார் உழைப்பு. இன்னொன்று செத்துப்போனவர்கள். பொங்கலன்று வாசலில் சூரியனுக்கு வைத்த பிறகு, பல வீடுகளில் உள்ளே விளக்குக்கு முன்னால் இன்னொரு இலை போடுவார்கள், பக்கத்தில் புது வேட்டியோ சேலையோ மடித்து வைத்திருக்கும். சில வீடுகளில் இது போகியன்றே முடிந்துவிடும். புது நெல்லில் முதல் வாய் முன்னோருக்கு. காட்டையும் விதையையும் விட்டுப்போனவர்கள் அவர்கள்தான் என்கிற கணக்கு அது. பள்ளிக்கூடம் பானையை எடுத்துக்கொண்டு அந்த இரண்டாவது இலையை வீட்டிலேயே விட்டுவிடுகிறது. எனக்கென்னவோ அந்த இலையிலிருந்து ஆரம்பித்தால்தான் பிள்ளைகளுக்கு மற்றதெல்லாம் பிடிபடுகிறது.

என் அக்கா மகள் வேறொரு பள்ளியில் படித்தாள். போகியன்று என்ன செய்வோம் என்ற கேள்விக்கு "காப்புக் கட்டுவோம்" என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் ஒரு குறுக்குக்கோடு, பக்கத்தில் "பழைய பொருட்களை எரிப்போம்" என்று திருத்தம். கொங்குப் பக்கம் மார்கழிக் கடைசி நாளில் வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வீட்டு எரவாணத்திலும் மாட்டுச்சாளையிலும் கிணற்றடியிலும் காட்டு மூலையிலும் செருகுவதுதான் வழக்கம். எரிப்பது சென்னைப் பக்கத்துச் சமாச்சாரம். அந்தப் பிள்ளை தன் வீட்டு முற்றத்தில் கண்ணால் பார்த்ததை எழுதியிருக்கிறது, பார்க்காததை எழுதியிருந்தால் ஒரு மார்க் கிடைத்திருக்கும். மாட்டுப் பொங்கல் என்றால் ஜல்லிக்கட்டு என்று பொருத்துக கேள்வி போடுகிறார்களே, அதுவும் இதே ரகம். எங்கள் ஊர்களில் அன்று சாயங்காலம் பட்டியில் பொங்கல் வைப்பார்கள், மண்ணால் வரப்புக் கட்டிச் சின்னதாக ஒரு தெப்பக்குளம் செய்து தண்ணீர் விட்டு, பூப்போட்டு, கன்றுக்குட்டியை அதைத் தாண்ட விடுவார்கள். போட்டி என்றால் ரேக்ளா வண்டிப் பந்தயம். மாடு பிடிக்கிற பேச்சே கிடையாது.

சரி, அப்படியானால் எப்படித்தான் நடத்துவது? நான் செய்வதைச் சொல்கிறேன். இதுதான் சரியான முறை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பாடத்தைப் பொங்கலுக்கு முன்னால் நடத்துவதில்லை. லீவு முடிந்து வந்த பிறகுதான். முன்னால் நடத்தினால் நான் சொல்ல, அவர்கள் கேட்க வேண்டும். பின்னால் என்றால் அவர்கள் சொல்ல, நான் கேட்கலாம். ஆனால் பொங்கலுக்கு முன்னால் சில வேலைகள் உண்டு, எல்லாமே வகுப்புக்கு வெளியே.

மார்கழியில் ஒரு நாள் பூளைப்பூ தேடிப் போவோம். சிறுபீளை என்று மருந்துக்கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான், சிறுநீரகக் கல்லுக்குக் கஷாயம் வைக்கிற செடி. தண்டைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு ஒட்டின மாதிரி பூ. பள்ளிக்குப் பின்னால் இருக்கும் தரிசில் காலடியிலேயே கிடக்கும், ஆனாலும் முதல் தடவை ஒரு பிள்ளைக்கும் கண்ணில் படாது, ஏனென்றால் அவர்களுக்குத் தெரிந்த பூளைப்பூ பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் கட்டுக் கட்டாக விற்பது. ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிட்டால் போதும், அப்புறம் எல்லோருக்கும் எங்கே பார்த்தாலும் அதுதான். ஆவாரஞ்செடி வேலியோரம் மஞ்சளாகப் பூத்து நிற்கும். அதன் பட்டையை உரித்துக் காட்டுவேன், விரலில் கறை பிடிக்கும். அந்தக் காலத்தில் தோல் பதனிட இந்தப் பட்டையைத்தான் வண்டி வண்டியாகக் கொண்டுபோனார்கள். இதைச் சொல்லி வைப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

இன்னொரு வேலை குச்சி நடுவது. கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு மீட்டர் உயரத்துக்கு நேராக ஒரு குச்சி. அரைப் பரீட்சை நடக்கிற வாரத்தில், டிசம்பர் 21 வாக்கில், மதியம் பன்னிரண்டேகாலுக்குப் போய்ப் பார்த்தால் நிழல் வடக்கே விழும், எங்கள் ஊரில் கிட்டத்தட்ட 69 செ.மீ. நீளம். அதுதான் வருஷத்திலேயே நீளமான மத்தியான நிழல். பொங்கல் லீவு விடுகிற அன்று பன்னிரண்டரைக்கு அளந்தால் 64 செ.மீ.க்கு வந்திருக்கும். சூரியன் வடக்கே திரும்பிவிட்டது என்பதற்குச் சாட்சி அந்த 5 செ.மீ. இதில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கட்டாயம் கேட்கும்: "தை ஒண்ணாந்தேதிதான் சூரியன் வடக்கால திரும்புதுன்னு சொன்னாங்களே டீச்சர், இது அதுக்கு முன்னாலயே திரும்பிருச்சே?" சபாஷ் என்று சொல்லிவிட்டுத்தான் விளக்க வேண்டும். நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து வருஷத்தைக் கணக்கிடுகிறது. பருவங்களை வைத்துக் கணக்கிட்டால் வருகிற வருஷத்தைவிட அது ஏறக்குறைய 20 நிமிஷம் நீளம், அதனால் எழுபது வருஷத்துக்குச் சுமார் ஒரு நாள் என்று மெல்ல விலகிக்கொண்டே போகிறது. ஒரு காலத்தில் இரண்டும் சேர்ந்து இருந்தன, இப்போது மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி. ஏழாம் வகுப்புக்கு இது புரியுமா என்று அறிவியல் ஆசிரியர் சந்தேகப்பட்டார். நிழலைத் தானே அளந்த பிள்ளைக்குப் புரிகிறது.

பயிர்ப்பாடத்தை நியாயமாக ஆடியில் ஆரம்பிக்க வேண்டும். ஆடிப்பட்டம் தேடி விதை என்று எல்லாப் பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள், ஆனால் ஆடி எந்த மாதத்தில் வருகிறது என்று கேட்டால் துணிக்கடைத் தள்ளுபடியை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். அதனால் ஆடியில் ஒரு நாள் நெல்லும் முட்டையும் வைத்து ஒரு விளையாட்டு. ஒரு வாளித் தண்ணீரில் நல்ல கோழிமுட்டையைப் போட்டால் அடியில் போய்க் கிடக்கும். உப்பைக் கரைத்துக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் எழும்பி, நாலணாக் காசு அளவுக்கு மண்டை மேலே தெரியும்படி மிதக்கும். (நாலணாக் காசு என்றால் என்ன என்று ஐந்து நிமிஷம் அதற்குத் தனியாக.) அப்போது முட்டையை எடுத்துவிட்டு விதைநெல்லைக் கொட்டினால், பதரும் அரைவிதையும் மேலே வந்துவிடும், கெட்டியானது மூழ்கும். மூழ்கினதை எடுத்து நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு, ஒரு நூறு விதையை ஈரத்துணியில் சுருட்டி வைத்து எத்தனை முளைக்கிறது என்று எண்ணுவோம். மாரியம்மன் நோன்புக்கு எடுக்கிற முளைப்பாரியை அதற்கப்புறம்தான் பேசுவது. இருட்டறையில் வைத்து, தண்ணீர் தெளித்து, யார் வீட்டுத் தானியம் எப்படி முளைத்திருக்கிறது என்று ஊரே பார்க்கிற ஏற்பாடு அது. என் பாட்டி முளைப்பாரியைப் பார்த்தே, இந்த வருஷம் இன்னார் வீட்டில் விதை வாங்கலாம், இன்னார் வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிடுவாராம். கும்பிடுவதும் அதேதான், விதை பார்ப்பதும் அதேதான், இரண்டுக்கும் நடுவே அவர் கோடு போட்டுக்கொள்ளவில்லை.

ஆடிப்பெருக்கு பற்றிப் பேசும்போது நொய்யலைப் பற்றிப் பேசாமல் இருக்க முடிவதில்லை. ஆற்றில் காப்பரிசி போட்டோம், முளைப்பாரி விட்டோம் என்று பாட்டிகள் சொல்வார்கள். பிள்ளைகளுக்குத் தெரிந்த நொய்யல் சாயத்தண்ணீர் ஓடினது. 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதும், நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் கட்டியது பாசனத்துக்காக என்பதும், அதில் தேங்கினது என்ன என்பதும் இந்தப் பாடத்தில் வந்தே தீரும். பெற்றோர் பாதிப்பேர் அந்தப் பட்டறைகளில் வேலை பார்த்தவர்கள் என்பதால் பட்டென்று ஒரு தீர்ப்பைச் சொல்லிவிட்டு நகர முடியாது. சம்பளமும் அங்கேதான் வந்தது.

இனி களத்துமேடு. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவரை வகுப்புக்கு அழைப்பது வழக்கம். முதலில் வர மாட்டேன் என்றார். "நானென்ன படிச்சவனா, எனக்கு என்னங் டீச்சர் தெரியும்?" சோளத்தட்டு இரண்டு கட்டும் நெல் அளக்கிற ஒரு பழைய வள்ளமும் கொண்டுவந்தால் போதும் என்றதும் வந்தார். தரையில் உட்கார்ந்து நெல்லைக் குவித்து, மேலே சாணியில் பிள்ளையார் பிடித்து அருகம்புல் செருகி, அப்புறம் அளக்க ஆரம்பித்தார். முதல் வள்ளத்தை "லாபம்" என்று எண்ணினார், அடுத்ததுதான் "ரெண்டு". பிள்ளைகள் சிரித்தார்கள். ஒன்று எங்கே போனது? "ஒண்ணுன்னு சொன்னா ஒண்ணோட நின்னுறும் சாமி" என்றார். பொலியை, அதாவது அந்த நெற்குவியலைச் சுற்றிச் சாணிப்பாலால் குறி போட்டுக் காட்டினார். ராத்திரியில் யாராவது கைவைத்தால் காலையில் கோடு கலைந்திருக்கும். ஒரு பையன் உடனே, "சிசிடிவிங்க டீச்சர்" என்றான். பெரியவருக்கு அது என்னவென்று விளக்கினதும் அவர் சிரித்த சிரிப்பில் அந்தப் பீரியடே போய்விட்டது.

அடுத்த பீரியடில் நான் கேட்ட கேள்வி, அளந்த நெல்லில் யார் யாருக்குப் பங்கு என்பது. அவர் யோசிக்காமல் சொன்னார். ஏர் செய்த ஆசாரிக்கு, துணி வெளுத்தவருக்கு, முடி வெட்டினவருக்கு, பண்ணையத்து ஆளுக்கு, கிணற்றில் தண்ணீர் இறைக்கிற தோல்பையான சாலைத் தைத்துக் கொடுத்தவருக்கு, எல்லோருக்கும் களத்திலேயே அளந்து போட்டது. மின்மோட்டார் வருவதற்கு முன்னால் இந்தப் பக்கத்துத் தோட்டங்கள் பச்சையாக இருந்ததே தோல்சாலில்தான். கவலை என்பது மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற ஏற்பாடு, மாடு சரிவில் இறங்க இறங்கச் சால் மேலே வரும். அந்தத் தோலைப் பதப்படுத்தினது ஆவாரம்பட்டை. காப்புக் கட்டுகிற அதே செடி. பூ வீட்டு எரவாணத்துக்கு வந்தது, பட்டையில் தோல் பதனிட்டவர் வாசலைத் தாண்டி வர முடியாது. இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அறுவடைத் திருநாள் யாருடைய திருநாள் என்ற கேள்வி பாதியில் நிற்கிறது. பொங்கலுக்குப் புதுத்துணி யார் எடுத்தார்கள், யாருக்குக் கொடுத்தார்கள், வாங்கினவர்கள் எங்கே நின்று வாங்கினார்கள் என்று கேட்டபோது பெரியவர் கொஞ்ச நேரம் வள்ளத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார், உள்ளதைச் சொன்னார்.

இங்கேதான் ஆசிரியர்கள் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு கேட்கிற சில கேள்விகள் பிள்ளைகளை மாட்டிவிட்டுவிடும். "உங்கள் குலதெய்வம் எது? வரைந்து வா" என்று செயல்திட்டம் கொடுக்கிறார்கள். எங்கள் பக்கம் குலதெய்வத்தைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரி, சில சமயம் சாதிக்குள் இருக்கும் குலப்பிரிவான கூட்டம் வரைக்கும் தெரிந்துவிடும். "உங்க தாத்தா என்ன வேலை செய்தார்?" என்பதும் அப்படித்தான். "படையலுக்கு என்ன வைப்பீங்க?" என்றால், கறி வைக்கிற வீட்டுப் பிள்ளை என்ன கறி என்று சொல்லத் தயங்கி, சாம்பார் என்று பொய் சொல்லும். அந்தப் பொய்யைச் சொல்ல வைத்தது நம் கேள்வி. அதனால் பெரியவர் வருகிற அன்று யாருடைய தாத்தா என்ற பேச்சே எடுப்பதில்லை, தொழிலை மட்டும் பேசுவோம். பிள்ளைகளாகவே சொன்னால் சொல்லட்டும். ஒரு வருஷம் ஒரு பையன் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து, "எங்க அப்பாருக்குச் சால் தைக்கத் தெரியுமுங்க, ஊசி கூட இருக்குதுங்க" என்றான். அப்பாரு என்றால் எங்கள் பக்கம் தாத்தா. அடுத்த நாள் கொண்டும் வந்தான். பெரிய கோணூசி, மரப்பிடி கை பட்டுப் பட்டு வழவழவென்று இருந்தது. வள்ளமும் ஊசியும் ஒரே மேசையில் இருந்தன.

முன்னோர் பகுதிக்கு நான் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று. உங்கள் வீட்டில் இறந்துபோன ஒருவருக்குப் பிடித்த சாப்பாடு என்ன, அதை எப்போது யார் செய்கிறார்கள்? படம் வேண்டாம், பெயர் வேண்டாம், சாமி வேண்டாம், சாப்பாடு போதும். எழுதின தாளை மடித்துத் தரலாம், வகுப்பில் படிக்க வேண்டாம் என்றால் படிக்க மாட்டேன். இதற்கு வருகிற பதில்களை எந்தப் பாடநூலும் தர முடியாது. கம்மஞ்சோறு, கச்சாயம் என்று ஒரு பக்கம். இன்னொரு பக்கம் புரோட்டா, வர்க்கி, ஹார்லிக்ஸ், தேன்மிட்டாய். அம்மாயிக்கு வெற்றிலை பாக்கோடு போயிலையும் வைத்தால்தான் மனசு ஆறும் என்று ஒரு பிள்ளை. அப்புச்சிக்கு ஒரு குவாட்டர் என்று ஒருவன் எழுதி, வகுப்பே உருண்டு சிரித்தபோது, பக்கத்து பெஞ்சுக்காரன் மெதுவாக "எங்கூட்டுலயும் வெப்பாங்க" என்றான். அப்பா போய் ஒரு வருஷம்கூட ஆகாத பிள்ளை ஒன்று "முட்டை பப்ஸ்" என்று மட்டும் எழுதி மடித்துக் கொடுத்தது. அதை வகுப்பில் வாசிக்கவில்லை. அன்று சாயங்காலம் அந்த அம்மாவிடம் போனில் பேசினேன், இப்படி ஒரு பாடம் நடத்துகிறோம், பிள்ளைக்குச் சங்கடமாக இருந்தால் சொல்லுங்கள் என்று. சங்கடம் ஒன்றும் இல்லை, எங்களிடம் அவள் இதைச் சொல்லவே இல்லையே என்றுதான் கேட்டார்கள்.

இப்படிக் கேட்கும்போது மதம் குறுக்கே வருவதில்லை என்பது இன்னொரு வசதி. கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள், கல்லறையைக் கழுவி வெள்ளையடித்து மெழுகுவத்தி ஏற்றுவது. அவர்களுக்கு அறுப்பின் பண்டிகையும் உண்டு, சி.எஸ்.ஐ. கோயிலில் விளைந்ததைக் கொண்டுவந்து படைத்து ஏலம் விடுவார்கள், ஒரு பூசணிக்காய் எக்குத்தப்பான விலைக்குப் போகும், எடுத்தவரே திரும்பக் கொடுத்து மறுபடி ஏலம் விடுவார்கள். முஸ்லிம் பிள்ளைகள் பராஅத் இரவில் வாப்பாவோடு கபர்ஸ்தானுக்குப் போய் வந்ததைச் சொல்வார்கள். எங்கள் ஊருக்கு வெளியே ஒரு புலிகுத்திக் கல் இருக்கிறது, பட்டியில் புகுந்த புலியோடு மோதிச் செத்தவனுக்கு நட்டது. பிள்ளைகள் அதன் மேல்தான் உட்கார்ந்து சைக்கிள் செயின் மாட்டுவார்கள். மாட்டுப் பொங்கலன்று அதற்கும் ஒரு பொட்டு விழுகிறது என்று பாடம் நடந்த பிறகு கவனித்துச் சொன்னார்கள். திருவள்ளுவர் இல்லறத்தான் காக்க வேண்டிய ஐந்து பேரைச் சொல்லும்போது தென்புலத்தாரை, அதாவது முன்னோரைத்தான் முதலில் வைக்கிறார், தெய்வமே அதற்கு அடுத்துத்தான். இந்த வரிசை ஏன் என்று கேட்டால் பிள்ளைகள் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். "சாமி கோவிச்சுக்காதுங்க, தாத்தா கோவிச்சுக்குவாரு" என்பதுதான் எனக்குப் பிடித்தது.

அப்புறம் வெளிமாநிலப் பிள்ளைகள். இப்போது திருப்பூர்ப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் ஒடிசா, பீகார் பிள்ளைகள் இல்லாத வகுப்பு அபூர்வம். பொங்கல் விழாவில் அவர்களுக்கும் ஒரு வேட்டி கட்டிவிட்டு ஓரத்தில் நிறுத்திவைக்கிறோம். என் வகுப்பில் பலாங்கீர் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள், தமிழ் அப்போதுதான் வர ஆரம்பித்திருந்தது. மேற்கு ஒடிசாவில் நுவாகாய் என்று ஒரு பண்டிகை, விநாயகர் சதுர்த்திக்கு அடுத்த நாள். புதுநெல் அரிசியை முதலில் தெய்வத்துக்கும் முன்னோருக்கும் வைத்து, வீட்டில் மூத்தவர் தன் கையால் எல்லோருக்கும் பகிர்ந்து கொடுப்பார், சாப்பிட்டதும் சின்னவர்கள் பெரியவர்கள் காலைத் தொட்டு ஜுஹார் என்று வணக்கம் சொல்ல வேண்டும். எங்கே வேலைக்குப் போயிருந்தாலும் அன்றைக்கு ஊருக்கு வந்துவிடப் பார்ப்பார்களாம். அவள் அப்பாவுக்கு அந்த வருஷம் லீவு கிடைக்கவில்லை. இதை அவள் பாதித் தமிழிலும் மீதியைக் கையாலும் சொல்லி முடித்தபோது, "அட, நம்ம பொங்கல் மாதிரியேதான்!" என்று ஒரு குரல் வந்தது, உடனே இன்னொன்று, "ஆனா இவங்களுக்கு ஆவணியிலேயே அறுக்குது, நமக்குத் தையிலதான்." ஏன் என்று கேட்டேன். மழை எப்போது, குறுகிய நாள் நெல் எது, நீண்ட நாள் நெல் எது, தென்மேற்கா வடகிழக்கா என்று புவியியல் பாடம் முழுக்க அந்த ஒரு கேள்வியில் வந்துவிட்டது.

பீகார்ப் பையன் சாத் பூஜையைச் சொன்னபோது வேறு மாதிரி வேடிக்கை. நாம் உதிக்கிற சூரியனுக்குப் பொங்கல் வைக்கிறோம், அவர்கள் முதலில் மறைகிற சூரியனுக்குத் தண்ணீரில் நின்று படைத்துவிட்டு மறுநாள் காலையில் உதிக்கிற சூரியனுக்குப் படைக்கிறார்கள். கரும்பு அங்கேயும் உண்டு. தெக்குவா என்று கோதுமை மாவும் வெல்லமும் சேர்த்துச் சுட்ட பலகாரம், அவன் அம்மா ஒரு டப்பா நிறையக் கொடுத்தனுப்பினார். தீபாவளி கழிந்து வருகிற சஷ்டி அது. "அன்னைக்குத்தானே சூரசம்ஹாரம்!" என்று காலண்டரைப் பார்த்துக் கண்டுபிடித்தது ஒரு பிள்ளை. ஒரே திதியில் திருச்செந்தூரில் ஒரு கூட்டமும் கங்கைக் கரையில் ஒரு கூட்டமும்.

எதிர்ப்பே வராமல் இல்லை. ஒரு அப்பா நேரில் வந்தார். "படிக்கிற புள்ளைங்ககிட்ட செத்தவங்க பேச்சு எதுக்குங்க டீச்சர்? ராத்திரி பயப்படுது." அவரைச் சமாதானப்படுத்தப் பார்த்தேன், முடியவில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அந்த வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்று எனக்கென்ன தெரியும்? அந்தப் பிள்ளை அந்த வாரம் நிழல் அளக்கிற குழுவுக்குப் போனது. இன்னொரு பக்கம், இதெல்லாம் மூடநம்பிக்கை, பள்ளியில் எதற்கு என்று சக ஆசிரியர் ஒருவர் வருஷா வருஷம் கேட்பார். காக்கைக்குச் சோறு வைத்தால் தாத்தா வந்து சாப்பிடுவார் என்று நான் சொல்லிக்கொடுப்பதில்லை. ஊரில் ஏன் வைக்கிறார்கள் என்று கேட்டு எழுதி வரச் சொல்கிறேன். அவர் வகுப்பில் அசோகர் கல்வெட்டு நடத்தும்போது அசோகர் சொன்னதையெல்லாம் நம்பச் சொல்லியா நடத்துகிறார்? இதைச் சொன்னால் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்.

இதையெல்லாம் செய்ய நேரம் எங்கே என்று கேட்பவர்களுக்கு: லீவு முடிந்து திறக்கிற முதல் நாள் எப்படியும் பாதி வகுப்புதான் வந்திருக்கும், யாரும் பாடம் நடத்த மாட்டார்கள். அந்த நாளை எடுத்துக்கொள்ளுங்கள். உடனே கேளுங்கள், அப்போதுதான் நினைவு பச்சையாக இருக்கும், ஒரு வாரம் போனால் "பொங்கல் வெச்சோம், கரும்பு தின்னோம், படம் பார்த்தோம்" என்று சுருங்கிவிடும். பேச்சுப்போட்டியாக்கிவிடாதீர்கள், போட்டி என்று வந்துவிட்டால் வீட்டில் அம்மா யூடியூபைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிடுவார். மாடு இல்லாத வீட்டுப் பிள்ளைகளிடமும் மாட்டுப் பொங்கலைக் கேளுங்கள். "எங்கூட்டுல டிவிஎஸ் எக்ஸெல்லுக்குப் பொட்டு வெச்சுக் கரும்பு கட்டினோம்" என்று ஒருவன் சொன்னான். அவன் அப்பா அந்த வண்டியில்தான் தினமும் துணிமூட்டை ஏற்றிக்கொண்டு போகிறார். அதையும் நோட்டில் ஏற்றிக்கொண்டோம்.

இந்த வருஷம் ஆடிக்குப் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் தரிசில் கொஞ்சம் உழுது நாமே ஏதாவது விதைத்துப் பார்க்கலாம் என்று தலைமையாசிரியர் சம்மதித்திருக்கிறார். பிள்ளைகள் கம்பு என்கிறார்கள். கம்புக்கதிர் பால் பிடித்தால் மயில் ஒன்றைக்கூட விடாது என்று பெரியவர் சொல்கிறார், நிலக்கடலை போட்டால் அதையும் கிளறிவிடுமாம். கொள்ளு போடுங்கள், அதுதான் இந்த மண்ணுக்கு என்பது அவர் கட்சி. கொள்ளுக்கு ஆடியே வேண்டாம், புரட்டாசியில் போட்டால் போதுமே என்று சத்துணவு அக்கா இடையில் வந்து சொல்லிவிட்டுப் போனார். பூளைப்பூச் செடியை உழும்போது என்ன செய்வது என்பது வேறு பாக்கி இருக்கிறது, ஒரு ஓரத்தை விட்டு உழச் சொல்லியிருக்கிறேன். டிராக்டர்காரர் கேட்பாரா தெரியவில்லை.